பதினான்காவது ஆள்

பத்தொன்பது குத்துச்சண்டை, பத்தொன்பது நாக்-அவுட். ஊரே அவனை 'இடி' என்றுதான் கூப்பிட்டது. சாம்பியனோடு அவனை மோதவிடலாமா என்று முடிவு செய்யவேண்டிய குழு, டாக்டரம்மாவிடம் ஓர் அறிக்கை கேட்டது. அவனுக்குப் பயிற்சி கொடுப்பது அவளுடைய கூடப்பிறந்த அண்ணன் என்பது குழுவுக்கும் தெரியும். ஆனால் பத்தொன்பது சண்டையிலும் மேடையோரம் உட்கார்ந்து, விழுந்தவர்களின் இமையைத் தூக்கிப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

அப்படி விழுந்தவர்களில் ஒருவன் லாரி ஓட்டுபவன். ராத்திரி முழுக்க ஓட்டிவிட்டு நேரே வந்திருந்தான். இன்னொருவனுக்கு நாற்பத்தொரு வயது. மற்றொருவன் நாடி பார்க்கும்போதே, "எந்த ரவுண்டுல படுக்கணும் டாக்டரம்மா?" என்று சிரித்தவன். சட்டப்படி யாருக்கும் உடம்பில் குறையில்லை. சண்டை போடலாம் என்று அத்தனை பேருக்கும் கையெழுத்துப் போட்டவளும் அவள்தான். அது நெஞ்சில் முள்ளாய் உறுத்தியது.

அண்ணன் வீடு தேடி வந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என்ன எழுதப் போற?"

"பார்த்ததை எழுதுவேன்."

"அவன் கையில வேகம் இல்லையா?"

"இருக்கு. இல்லைன்னு யார் சொன்னது? ஆனா நீ கொண்டுவந்து நிறுத்தினதெல்லாம் பஞ்சு மூட்டை. ஒருத்தனாவது இவனைத் திருப்பி ஒரு நல்ல அடி அடிச்சிருக்கானா? நெஞ்சுல கை வெச்சுச் சொல்லு."

அண்ணன் வாசல் பக்கம் திரும்பினான். "ஏழு வருஷ உழைப்பும்மா. கெடுத்துடாத" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் காலை இடியே மருத்துவமனைக்கு வந்தான். கதவுக்குக் குனிந்து நுழையவேண்டிய உயரம். நோயாளிகளோடு வரிசையில் உட்கார்ந்து, தன் முறை வந்த பிறகுதான் உள்ளே வந்தான்.

"டாக்டரம்மா, பதினாலாவது ஆளை ஞாபகம் இருக்கா? பெயின்ட் அடிக்கிறவர்."

"இருக்கு. ரெண்டாவது ரவுண்டு."

"அவர் மேல என் அடி படவே இல்ல. தோள்ல லேசா உரசிச்சு, அவ்வளவுதான். அவர் பாட்டுக்குப் படுத்துட்டார். நடுவர் எண்ணும்போது குனிஞ்சு பார்த்தேன். நிதானமா மூச்சு விட்டுட்டிருந்தார். ஜனங்க என்னைத் தோள்ல தூக்கிட்டுப் போனாங்க. நானும் வாயைத் திறக்கல." உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அதுக்கப்புறம் எவன் விழுந்தாலும் சந்தேகம்தான். நான் அடிச்சு விழுந்தானா, அவனா விழுந்தானான்னு."

அவளுக்குப் பூசி மெழுக மனம் வரவில்லை.

"உன் கை நல்ல கைப்பா. ஆனா பலமா ஒரு அடி வாங்கினா நீ என்ன ஆவேன்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சாம்பியன்கிட்ட போய் அதைத் தெரிஞ்சுக்க வேணாம்."

"அப்படியே எழுதுங்க. பெயின்ட்காரரையும் சேர்த்து."

எழுதினாள். தான் யோசிக்காமல் போட்ட கையெழுத்துகளையும் விடவில்லை. குழு சாம்பியன் சண்டையைத் தள்ளிவைத்து, தரவரிசையில் நான்காம் இடத்தில் இருந்தவனோடு முதலில் மோதச் சொன்னது. அண்ணன் அவளோடு பேச்சை நிறுத்தினான். இரண்டு மாதம் அண்ணிதான் ஃபோன் செய்து நலம் விசாரித்தாள்.

சண்டை ஒரு ஞாயிறு பிற்பகலில் நடந்தது. நான்காம் இடத்துக்காரன் சும்மா வரவில்லை. மூன்றாவது ரவுண்டிலேயே இடியின் புருவம் கிழிந்தது. ஆறாவதில் தாடையில் ஒன்று வாங்கி, வாழ்க்கையில் முதல் தடவையாக மேடையில் விழுந்தான். எண்ணிக்கை ஏற ஏற டாக்டரம்மா நாற்காலி விளிம்பை இறுகப் பிடித்திருந்தாள். எட்டில் எழுந்தான். பத்து ரவுண்டும் நின்றான். புள்ளிக் கணக்கில் தோற்றான்.

உடைமாற்றும் அறையில் அவள் புருவத்துக்குத் தையல் போட்டாள். வெளிச்சம் போதவில்லை. அண்ணன் டார்ச்சை எடுத்துப் பிடித்தான்.

"அடி எல்லாம் நெஜம்தானே டாக்டரம்மா?" என்றான் இடி, வீங்கிய உதட்டால்.

"நெஜம்தான். ஆடாம இரு."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். அண்ணன் தொண்டையைச் செருமினான். "இன்னும் எத்தனை தையல்?"

"நாலு."

வெளிச்சத்தைச் சற்றுக் கிட்டே கொண்டுவந்தான்.