கத்தி முதுகில் பச்சை

"இன்னிக்காவது சேட்டுகிட்ட சொல்லுங்க, கலரு போடுதது நாந்தான்னு," என்றாள் மர்யம்.

"பாப்போம்," என்றான் ஜமால், சட்டையை மாட்டிக்கொண்டே.

தாராவியில் அவர்கள் வீட்டின் முன்பாதிதான் பட்டறை. கத்தி அடிப்பது ஜமால். அதன் முதுகில் அரத்தால் கொடியும் இலையுமாக வெட்டுவது அவன் தம்பி சலாவுதீன். அந்த வெட்டுக்குள் எப்பாக்ஸிப் பசையில் ரங்கோலிப் பொடியைக் குழைத்து, ஊசிமுனையால் இட்டு, இறுகியபின் தேய்த்து, இலையைப் பச்சையாகவும் பூவைச் சிவப்பாகவும் எழுப்புவது மர்யம். மூன்று வருடமாக, திரைக்குப் பின்னால்.

கொலாபாவில் கடை வைத்திருக்கும் சேட் அன்றுதான் முதல்முறையாகப் பட்டறைக்கு வந்தார். கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கலர் வேலை யாருது?" என்று இந்தியில் கேட்டார்.

"தம்பிதான்," என்றான் ஜமால்.

திரைக்கு உள்ளே மர்யம் டீ ஊற்றுவதை நிறுத்தினாள்.

"மத்தவன் போட்டா குமிழ் குமிழா நிக்குது. நீ எப்படிப்பா போடுறே?" என்று சேட் சலாவுதீனிடம் கேட்டார்.

"ஒரு நிமிஷம் சேட், சாய் கொண்டாறேன்." சலாவுதீன் உள்ளே ஓடிவந்தான். "மைனி, குமிழ் வராம எப்படிப் பண்ணுதிய?"

"பசை டியூப வெந்நில போட்டு இளக்கணும். பொறவு மெதுவா கிண்டணும். ஒனக்குத்தான் தெரியுமாமே?"

"மைனி, மானத்த வாங்காதிய."

வெளியே போய் அப்படியே ஒப்பித்தான்.

"பிரமாதம்," என்றார் சேட் சலாவுதீனிடம். "செஞ்ச கைக்குப் பேர் வேணும். அடுத்த லாட்ல உன் பேரையும் கத்தியில வெட்டிடு. இங்கிலீஷ்ல."

அவர் போனதும் மர்யம் ஜமாலிடம் கேட்டாள்: "வாய் வரலையோ?"

"வீட்டுப் பொம்பளன்னு சொன்னா கூப்பிடு, பாக்கணும்பான். கொண்டாந்து நிறுத்தச் சொல்லுதியா?"

"திரைக்கு இங்கன இருந்தே ஒரு சலாம் சொல்லியிருப்பேன். அதுல என்ன கொறஞ்சிரும்?"

அவன் பீடியைத் தேடினான்.

எட்டாம் நாள் பன்னிரண்டு கத்திகள் உள்ளே வந்தன. முதுகில் வழக்கமான கொடி. அலகில் புதிதாக எழுத்துகள்.

"எழுத்துக்குக் கறுப்பு போடு," என்றான் ஜமால்.

"ஏன், தம்பி போடமாட்டாராமா?"

"அவன் போட்டா வழிஞ்சிரும். ஒனக்குத் தெரியாதா?"

மர்யம் ஒன்றைக் கையில் எடுத்தாள். இங்கிலீஷ் அவளுக்கு வாசிக்க வராது. அது சலாவுதீன் பெயர் என்பது மட்டும் தெரியும்.

"இதுல எது மேல, எது கீழ?"

ஜமால் அவள் கையிலிருந்த கத்தியைத் திருப்பி வைத்தான். அவள் கறுப்பைக் குழைக்க ஆரம்பித்தாள்.