செல்லாத்தாள் முகம்

ஆறுச்சாமியின் கருமாதிக்கு வந்த கூட்டத்தில், அவரைப் பற்றி முதலில் வாயைத் திறந்து புகழ்ந்தவர் திருமூர்த்திதான்.

"எங்க மாப்பிள்ளையாட்ட ஒரு சித்திரக்காரரு இந்தப் பொள்ளாச்சிச் சீமையிலயே கெடையாதுங்க. அவரு கை வெச்சாச் சாமி துணியில எந்திரிச்சு நிக்குமுங்க" என்றார். பந்தலுக்குள் இருந்தவர்கள் ஆமாம், ஆமாம் என்றார்கள்.

உள்ளே பூசணிக்காய் அரிந்துகொண்டிருந்த மகள் பழனியாத்தாளுக்கு அரிவாள்மணை மேலேயே கை நின்றுபோனது. திருமூர்த்தி அவளுக்குத் தாய்மாமன். ஆறு வருஷமாக மாமனாரும்கூட. துணியில் எழுந்து நின்ற அந்தச் சாமியை அவள் அப்பன் கையாலேயே எரிக்க வைத்தவரும் அவர்தான்.

ஆறுச்சாமியின் மனைவி செல்லாத்தாள் விஷக்காய்ச்சலில் போனபோது பழனியாத்தாளுக்கு ரெண்டு வயது. அவருக்கு முப்பதுகூட ஆகவில்லை. காடு இருந்தது, கிணறு இருந்தது. பெண் கொடுக்க நாலைந்து ஊரில் ஆள் இருந்தார்கள். அவர் யார் பேச்சுக்கும் பிடிகொடுக்கவில்லை. பிள்ளைக்குத் தானே தலை சீவினார், தானே எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினார். கிணற்றில் நீர் இறைக்கக் கவலை ஓட்டும்போது அவளை மடியில் வைத்துக்கொண்டு கயிற்றின் மேல் உட்கார்ந்து, மாடு இழுக்க இழுக்கப் பாடிக்கொண்டே போவார். ஒரு ஆம்பளை பெண்பிள்ளைக்குப் பேன் பார்க்கிறான் என்று ஊரில் சிரித்தார்கள். அவர் அதையும் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

அவருக்கு இன்னொரு பைத்தியம் உண்டு. எந்த ஊரில் கூத்து, எந்த ஊரில் நாடகம் என்று தெரிந்தால் போதும், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிடுவார். பாதியில் அவள் தூங்கிப்போனால் எழுப்பமாட்டார். மறுநாள் காலையில் அவள் கம்பங்கூழ் குடித்துக்கொண்டிருக்கும்போது ராஜா, ராணி, மந்திரி, கடைசியில் வருகிற கோமாளி வரைக்கும் அத்தனை பேராகவும் தானே நின்று காட்டுவார். அவளுக்குக் கூழ் புரையேறும்.

ஒரு தரம் பொள்ளாச்சிச் சந்தைக்கு எருது பிடிக்கப் போனார்கள். சந்தைக்குப் பின்னால் ஒரு நாடகக் கம்பெனி கொட்டகை போட்டிருந்தது. அங்கே தரையில் பெரிய துணியை விரித்து, கோயமுத்தூர் கோட்டைமேட்டுக்காரர் ரசாக் பாய் காட்டு சீன் எழுதிக்கொண்டிருந்தார். ஆறுச்சாமி நின்றார். நின்றவர் நகரவில்லை. வெயில் உச்சிக்கு வந்து இறங்கவும் ஆரம்பித்துவிட்டது. கடைசியில் ரசாக்கே பொறுக்கமாட்டாமல் ஒரு தூரிகையை நீட்டினார்.

"ஏனுங்க, சும்மா நிக்கறதுக்கு அந்த வானத்தை அடிங்களேன்."

ஆறுச்சாமி வானத்தை அடித்தார். அன்றைக்கு எருது வாங்காமலே வீடு வந்து சேர்ந்தார்கள்.

அதற்குப் பிறகு காட்டில் வேலை ஓய்ந்த மாதங்களில் எல்லாம் அவர் ரசாக்கோடுதான். பொடி வர்ணத்தைப் பசையில் குழைக்கக் கற்றுக்கொண்டார். தர்பார், நந்தவனம், மலை, ஆறு எல்லாம் கைக்கு வந்தது. நகக்கண்ணில் நீலம் ஒட்டிக்கொண்டிருக்கச் சோறு பிசைவார். பழனியாத்தாளுக்கு அந்த வாசனை அப்பன் வாசனையாகவே ஆகிவிட்டது.

அவளுக்குப் பதினாலு வயது ஆகும்போது கம்பெனிக்கு ஒரு முன்படுதா வேண்டியிருந்தது. நாடகம் தொடங்குமுன் கடவுள் வாழ்த்துப் பாடுகிறார்களே, அப்போது சபைக்கு முன்னால் தொங்குகிற படுதா. வெள்ளைத் தாமரையில் வீணையோடு சரஸ்வதி. "இதை நீங்களே எழுதுங்க" என்று ரசாக் அவரிடம் விட்டுவிட்டார். எழுதி முடித்த அன்று காலை, ஆளில்லாத கொட்டகைக்குள் மகளைக் கூட்டிக்கொண்டு போய், கயிற்றைத் தளர்த்திப் படுதாவை இறக்கினார்.

"பாரு கண்ணு. உங்காத்தா."

பழனியாத்தாள் பார்த்தாள். இடது புருவத்தில் சின்ன வெட்டு. சின்னப் பிள்ளையில் கிணற்றுப் படியில் விழுந்தது என்று அவர் அதுவரை ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறார். தாடை உருண்டு, நடுவில் குழிந்து இருந்தது. அவள் கை தன்னால் தன் தாடைக்குப் போனது.

"சிரிச்சா எப்பிடி இருக்கும்யா?"

"எழுதிப் பாத்தேன் கண்ணு. சிரிப்பு மட்டும் துணிக்கு வரல."

வீட்டில் போட்டோ என்று ஒன்றும் கிடையாது. அந்தக் காலத்தில் யார் பொண்டாட்டியைப் போட்டோப் பிடித்தார்கள்? இந்தப் படுதாதான். உடுமலைப்பேட்டை, தாராபுரம், கோயமுத்தூர் என்று வண்டி போகிற தூரத்தில் கம்பெனி எங்கே கொட்டகை போட்டாலும் அப்பனும் மகளும் போனார்கள். நாடகத்துக்காக அல்ல. கடவுள் வாழ்த்துப் பாடி முடிகிற வரைக்கும் பார்க்கலாம். பிறகு படுதா சுருண்டு மேலே போய்விடும். அப்புறம் ராஜா வந்தால் என்ன, போனால் என்ன.

கோயமுத்தூர் மில்லுகளுக்குப் பைகாரா கரண்டு வந்த சமயம் அது. கம்பெனி மறுபடியும் பொள்ளாச்சியில் கொட்டகை போட்டது. திருமூர்த்தியின் பண்ணையாள் ஒருவன் நாடகம் பார்க்கப் போனவன், திரும்பி வந்து வாய் தவறிச் சொல்லிவிட்டான். "அந்தச் சரசோதி அச்சு அசலாக் காச்சல்ல போன நம்ம சின்ன ஆத்தா மாதிரியே இருக்குதுங்க சாமி. புருவத்து வெட்டுக்கூட இருக்குதுங்க."

திருமூர்த்தி வண்டி பூட்டிக்கொண்டு போய் நேரில் பார்த்தார். மறுநாள் ஆறுச்சாமி வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"கண்டவன் பீடி குடிச்சுட்டுப் பாக்கறதுக்கு என்ற தங்கச்சியத் தொங்க உட்டிருக்கறீங்களா மாப்பிள்ளை?"

"அது சாமிங்க மச்சான். எல்லாரும் கும்புடறாங்க."

"கும்புடறவன் கண்ணு எங்க போகுதுன்னு உங்களுக்குத் தெரியுமா? ரெண்டுல ஒண்ணு. அந்தப் படுதா இருக்கோணும், இல்லாட்டி உங்க புள்ளைக்குத் தாய்மாமன் இருக்கோணும். முடிவு பண்ணிச் சொல்லியனுப்புங்க."

பழனியாத்தாளைத் திருமூர்த்தி மகன் அங்கப்பனுக்கு என்று பிறந்ததிலிருந்தே பேசி வைத்திருந்தது. தாய்மாமன் வீடு வேண்டாம் என்று ஒதுக்கிய பெண்ணை வேறு எந்த வீட்டிலும் கேட்கமாட்டார்கள். மாமன் சீர் இல்லாமல் ஒரு கல்யாணமும் நடக்காது. இதெல்லாம் ஆறுச்சாமிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அவர் மகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொட்டகைக்குப் போய் ரசாக்கின் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு சரஸ்வதி எழுதினார். பெரிய கண், மெல்லிய உதடு, எந்த ஊர்ப் படுதாவிலும் பார்க்கலாம், அந்த மாதிரி முகம். அதைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டுப் பழையதைச் சுருட்டி வண்டியில் போட்டுக்கொண்டு வந்தார்.

களத்தில் வைத்து எரிப்பது என்று ஆயிற்று. திருமூர்த்தியும் பங்காளிகளும் வந்து நின்றார்கள். ஆறுச்சாமி யாரையும் தொடவிடவில்லை. தானே விரித்தார், முகம் தரையைப் பார்க்கக் கவிழ்த்து விரித்தார். சீமெண்ணெய்யைத் தூக்கும்போது திருமூர்த்தி தடுத்தார்.

"மேல பாக்க வைங்க. அதுதானான்னு எனக்குத் தெரியோணுமல்ல?"

"மச்சான், அது உங்க தங்கச்சிங்க."

"அதனாலதான் சொல்றேன்."

ஆறுச்சாமி துணியைப் புரட்டிப் போட்டார். பழனியாத்தாள் சோளத்தட்டுப் போருக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வர்ணத்தில் பசை இருந்ததால் தீ பிடித்ததும் படபடவென்று வெடித்தது. தாமரை முதலில் போயிற்று. பிறகு வீணை. அவள் அதற்கு மேல் பார்க்கவில்லை. அப்பன் கடைசி வரைக்கும் பார்த்தார்.

கல்யாணம் நன்றாகத்தான் நடந்தது. மாமன் வீட்டுச் சீர் மேளதாளத்தோடு வந்து இறங்கியது. அப்பன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள்.

ஆறுச்சாமி அதன் பிறகு தூரிகையைத் தொடவில்லை. ரசாக் ஒரு தரம் வீடு தேடி வந்து கூப்பிட்டுப் பார்த்தார். "கண்ணு மங்கிப்போச்சுங்க பாய்" என்றார் ஆறுச்சாமி. எட்ட மேய்கிற ஆட்டின் காதைப் பார்த்தே அது யார் வீட்டு ஆடு என்று சொல்லுகிற கண் அது. ரசாக் மோர் குடித்துவிட்டுப் போய்விட்டார். கூத்துக்கும் நாடகத்துக்கும் ஆறுச்சாமி போவது நின்றது. கவலை ஓட்டும்போது பாடுவதும் நின்றது.

அங்கப்பன் மோசமானவன் அல்ல. அடித்ததில்லை, குடித்ததில்லை. ஆனால் அந்த வீட்டில் படுதா என்ற பேச்சே எழக்கூடாது. தொட்டி கட்டிப் பிள்ளையைத் தூங்கவைக்கிற பாட்டைக்கூட அடக்கிப் பாட வேண்டும். தலைப்பிரசவத்துக்கு அப்பன் வீட்டுக்கு வந்திருந்தபோது, பழனியாத்தாள் அவரிடம் ஒரு நாள் கேட்டுவிட்டாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமல்லய்யா? கண்ணாலம் வேண்டாம், படுதாவை வெச்சுக்குங்கன்னு சொல்லியிருப்பனே."

ஆறுச்சாமி மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஆட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"தெரியும் கண்ணு. அதனாலதான் கேக்கல."

இந்தப் பதிலுக்கு அவளால் அவரை வையவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை. இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம் என்று விட்டாள். அந்த நாள் வரவில்லை. சோளத்தட்டு அறுத்துக்கொண்டிருந்த இடத்திலேயே ஆறுச்சாமி சாய்ந்துவிட்டார். அவள் வந்து சேர்ந்தபோது குளிப்பாட்டிக் கோடித்துணி போர்த்தியாகிவிட்டது.

இன்றைக்குப் பந்தலில் மாமன் புகழ்ந்துகொண்டே இருந்தார். கருமாதிக்குச் சொல்லியனுப்பி ரசாக் பாயும் வந்திருந்தார். தாடி வெளுத்திருந்தது. ஓரமாக உட்கார்ந்திருந்தவரைத் திருமூர்த்தி முன்னால் கூப்பிட்டார்.

"பாய், நீங்க ஒரு வேலை செய்யோணும். எங்க மாப்பிள்ளை படம் ஒண்ணு எழுதிக் குடுங்க. எங்கூட்டு ஆசாரத்துல, வர்றவங்க உக்கார்ற எடத்துல மாட்டறோம். மீசை கொஞ்சம் பெருசா இருக்கட்டும். தலைக்கு உருமாலை கட்டிப்போடுங்க."

ஆறுச்சாமி உருமாலை கட்டி யாரும் பார்த்ததில்லை.

பழனியாத்தாள் அரிவாள்மணையை விட்டு எழுந்தாள். ஈரக்கையோடு பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமனார் முன்னால் அவள் சத்தமாகப் பேசுவது அதுதான் முதல்.

"படம் வேண்டாமுங்க மாமா."

"நீ உள்ள போ அம்மணி. ஆம்பளைங்க பேசிட்டிருக்கறோம்."

"போறனுங்க. சொல்லிப்போட்டுப் போறேன். துணியில மூஞ்சி இருந்தா மானம் போயிருமின்னு எங்காத்தாள எங்கய்யன் கையாலயே எரிக்க வெச்சீங்க. மேல பாக்க வெச்சு எரிக்கச் சொன்னீங்க. இப்ப எங்கய்யன் மூஞ்சிய மாட்டறதுக்கு மட்டும் மானம் எங்கிருந்துங்க வந்துச்சு?"

திருமூர்த்தி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவருக்கு அவள் கேட்டதே விளங்கவில்லை.

"அது பொம்பளை மூஞ்சி. இது ஆம்பளை மூஞ்சி. இது தெரியலயா உனக்கு?"

ஒருவர் தலையை ஆட்டினார். பிறகு எல்லாருமே ஆட்டினார்கள். அப்பனை இழந்த துக்கம், ஏதோ பேசுகிறது பாவம் என்று ஒரு கிழவர் சொன்னார். அங்கப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னால ஆகாதுங்க" என்றார் ரசாக்.

"ஆகாட்டிப் போகட்டும். கோயமுத்தூர்ல படம் எழுத வேற ஆளா இல்ல?" என்று திருமூர்த்தி இலை போடச் சொன்னார்.

சாப்பாடு முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருக்கும்போது அவள் ரசாக்கைத் தேடிப் போனாள். அவர் மாட்டுச்சாளையில் நின்றிருந்தார். அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து வந்திருந்தாள்.

"பாய், எங்காத்தா முகத்தை நீங்க பாத்திருக்கறீங்க. எனக்கு ஒருக்கா எழுதிக் காட்டுங்க. இந்தச் செவுத்துலயே போதுமுங்க."

அவர் கரியை வாங்கினார். சுண்ணாம்புச் சுவரில் ஒரு வளைவு, இன்னொரு வளைவு. வயசானாலும் கை நடுங்கவில்லை. நெற்றி, மூக்கு, பெரிய கண், மெல்லிய உதடு. அழகாகத்தான் வந்தது.

"இது இல்லீங்க."

அவர் துண்டால் துடைத்துவிட்டு மறுபடியும் ஆரம்பித்தார். புருவத்தில் வெட்டு வைத்தார். வெட்டு மட்டும் சரியாக இருந்தது. முகம் பழையபடி அதே முகம்.

"ரெண்டாவது படுதாதான் அம்மணி கைக்கு வருது" என்றார் ரசாக். "அதைத்தான் வருசக்கணக்கா ஏத்தி எறக்கிட்டு இருந்தேன். முதல்ல எழுதினது உங்கய்யன் கண்ணுக்குள்ள இருந்தது. எனக்கு அது எப்பிடி வரும்?"

கரியை மாட்டுத் தண்ணித் தொட்டி ஓரத்தில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, அவர் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

பொழுது சாய அங்கப்பன் வண்டி பூட்டினான். அப்பன் வீட்டைப் பூட்டிச் சாவியை மாமனாரிடம் கொடுத்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் ஏறினாள். வண்டி ஊர் எல்லை தாண்டியது. அங்கப்பன் மாட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"நான் அந்தப் படுதாவைப் பாத்ததில்ல. அத்தை எப்பிடி இருந்தாங்க அதுல?"

ஆறு வருஷத்தில் இதை அவன் கேட்பது இதுதான் முதல் தடவை. நல்ல மனதோடுதான் கேட்டான். பழனியாத்தாள் சொல்ல வாயெடுத்தாள். புருவத்து வெட்டு வந்தது. அதற்குக் கீழே, மாட்டுச்சாளைச் சுவரில் பார்த்த பெரிய கண்ணும் மெல்லிய உதடும் வந்து நின்றன. கண்ணை மூடிப் பார்த்தாள். தாடையைத் தொட்டுப் பார்த்தாள். வேறு எதுவும் வரவில்லை.

"மாட்டை ஓட்டுங்க" என்றாள்.