தாடையில் ஒரு கீறல்

...நடிப்பு, அத்தனையும் நடிப்பு, இல்லாவிட்டால் சொந்த ஊரில் காரும் வேலையுமாக இருந்தவன் அதையெல்லாம் உதறிவிட்டுக் கடல் தாண்டி வந்து, நானும் நீயும் வேறில்லை, இருப்பது ஒன்றுதான், அத்வைதம் என்று எதிர்மாடியில் பாய் விரித்துப் பேசிக்கொண்டிருப்பானா, பெரியவர் நுரையைக் குழைத்தபடி கண்ணாடியில் பார்த்தார், சலூன் நாற்காலியில் அந்த வெள்ளைக்காரர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார், சொந்த வீட்டில் சாய்ந்திருப்பது மாதிரி... எல்லாம் ஒன்றென்றால் என் தாடியைச் சிரைத்தால் போதாதா, இவனுக்கும் வழுவழுவென்று ஆகிவிடாதா? பின்னால் மகன் தரையில் கிடந்த முடியைக் கூட்டிக்கொண்டிருந்தான், முப்பது வயசு, காலையில் கடையைத் திறக்கும்போதே சொல்லிவிட்டான், ஞாயித்துக்கிழமை அவர்கூட மலைக்குக் கிளம்பறேன்ப்பா, திரும்பி வர்றதைப் பத்தி இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது, பிளேடு பாக்கெட் வாங்கப் போவது மாதிரி அவ்வளவு சாதாரணமாக. அப்பா மகன்கிறதெல்லாம் வெறும் தோற்றம்தானாம். அப்ப உனக்குச் சோறு போட்டது யாருடா, தோற்றமா? கேட்டதற்கு ஒரு சிரிப்பு, அதுவும் இந்த வெள்ளைக்காரனிடம் கற்றுக்கொண்ட சிரிப்புதான்.

பெஞ்சில் முறைக்குக் காத்திருந்த தபால்காரர் பேப்பரை மடக்கினார். "என்ன பெரியவரே, உடம்பே நானில்லைங்கிறவருக்கு முகச் சவரம் மட்டும் எதுக்காம்?" வெள்ளைக்காரர் ஒரு கண்ணைத் திறந்து, "அரிக்கிறது ஐயா, அதனால்தான்," என்றார், புத்தகத்தில் படித்த தமிழில், தபால்காரர் குலுங்கிச் சிரித்தார், பெரியவருக்குச் சிரிப்பு வரவில்லை, பார், எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறான், பதில் இல்லாதவனைக்கூட நம்பலாம்... இடது கட்டைவிரலால் தோலை இழுத்துப் பிடித்தார், அந்த விரலை யாரும் ஏமாற்ற முடியாது, கல்யாண மாப்பிள்ளை, ரவுடி, போலீஸ்காரர், ஐம்பது வருஷமாக எத்தனை பேர், கத்தி தொண்டைக்கு வந்தால் எப்பேர்ப்பட்டவனுக்கும் குரல்வளை ஒரு தரம் ஏறி இறங்கும், விரலுக்குத் தெரிந்துவிடும், இவனுக்கு... ஏறவில்லை, இறங்கவில்லை. அப்படியானால் நன்றாகப் பழகியிருக்கிறான், பெரிய கைகாரன், இந்த அமைதியைக் காட்டித்தானே பையனை மயக்கினான், ஒரு சின்னக் கீறல், நூலளவு, உடம்பு என்று ஒன்று இருக்கிறதா இல்லையா என்று அலறிக்கொண்டு சொல்லிவிடுவான், மகனும் பார்க்கட்டும், பார்த்தால் ஞாயிற்றுக்கிழமை பயணம் போன இடம் தெரியாது. தெரிந்தே யாருக்கும் ரத்தம் வர வைத்ததில்லையே... கை தவறியதுண்டு, தெரிந்தே இல்லை... மகன் கூட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். தாடையெலும்புக்குக் கீழே கத்தியை ஒரு மயிரிழை திருப்பினார்.

வெள்ளை நுரையில் சிவப்பாக ஒரு கோடு. 'ஸ்ஸ்' என்று சத்தம், நன்றாகக் கேட்டது, மாட்டினான்! பெரியவர் சட்டென்று திரும்பி, "கேட்டியாடா உங்க சாமியார் சத்தத்தை?" என்றார். மகன் வெள்ளைக்காரரைப் பார்க்கவில்லை, அப்பாவையே பார்த்தான். "அவர் வாயே திறக்கலையேப்பா. நீதானே சத்தம் போட்டே?" என்ன உளறுகிறான் இவன், நானா, எனக்கென்ன வந்தது, தபால்காரராவது சிரிக்கக் கூடாதா... கண்ணாடியில் பார்த்தார், தன் இடது கை தன் தாடையை அழுத்திப் பிடித்திருந்தது, எலும்புக்குக் கீழே, அவனுக்குக் கீறிய அதே இடத்தில். "வலிக்குதா?" என்று கேட்டார். "வலிக்கிறது ஐயா. படிகாரம் இருந்தால் வையுங்கள்." அவ்வளவுதான், உபதேசம் ஏதும் இல்லை.

படிகாரத்தை நனைத்து வைத்தார்... பழக்கம், வேறென்ன, இத்தனை வருஷமாகப் பிடித்த கைக்குப் பழக்கம், அப்படியானால் கை தவறியபோதெல்லாம் இப்படித்தான் கத்தினேனா, யாரும் சொல்லவில்லையே, பையனுக்கு முதல் மீசை எடுத்த அன்றைக்கு உதட்டோரம் கீறி என் உதட்டைப் பிடித்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறது, அது பெற்ற பிள்ளை, சரி, இவன் யார், எந்த ஊர்க்காரன், இவனுக்காக எனக்கு எதற்கு... மகன் துடைப்பத்தைப் பிடித்தபடி இன்னும் அங்கேயே நின்றான், ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொல்வதற்கென்று காலையிலிருந்து எத்தனையோ சேர்த்து வைத்திருந்தவர், படிகாரத்தைத் தட்டில் திருப்பி வைத்தார். தாடையிலிருந்து கையை எடுத்து விரல்களைப் பார்த்தார். ரத்தம் இல்லை. தெரிந்தும், இன்னொரு தரம் பார்த்தார்.