காப்பார் ரோட்டு கேட்டுக்கு இரண்டு பேர்

காலம் கெட்டுக் கிடக்கிறது. முன்பெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போனால் அறுப்பார்கள், தைப்பார்கள், எழுந்து போ என்பார்கள். இப்போது தைத்து முடித்த பிறகு உட்காரவைத்துப் பேசச் சொல்கிறார்கள். மனசில் என்ன இருக்கிறது என்று ஒருவர் கேட்பாராம், இவர் சொல்லவேண்டுமாம். ஊருக்கு விரித்துக் காட்ட மனசு என்ன பாசார்ச் சந்தையில் போட்ட மீன் கடையா?

பக்கிரிசாமிக்கு எரிச்சல் தாங்கவில்லை. கிள்ளான் ரயில் யார்டில் பெட்டிகளைக் கோக்கும்போது இடது கால் முழங்காலோடு போனது. போனது போகட்டும். கை கால் போனவனுக்கு ரயில்வேயில் கேட் காக்கும் வேலை கொடுப்பது வழக்கம். காப்பார் ரோட்டு கேட் காலியாக இருந்தது. ஆள் தேறிவிட்டான் என்று ஆஸ்பத்திரியில் கட்டுப்போடும் டிரஸர் ஜெயராஜ், ரயில்வே துரையிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தை வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சுக்கு வந்து உட்காரவேண்டும் என்று டிரஸர் பிடிவாதமாக இருந்தார்.

வந்து உட்கார்ந்தார். எதிர் பெஞ்சில் அய்யாவு. இளவட்டம், அதே யார்டில் வலது கையைப் பறிகொடுத்தவன். அன்றிலிருந்து வாய் திறக்கவில்லை, கஞ்சியும் இறங்கவில்லை. இழுப்பு நோய்க்காரி பவுனம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"மாரியாத்தா ஒரு வழி விடுவா ராசா. அழுதுடு."

டிரஸர் பக்கிரிசாமிக் கிழவர் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க பெரியவரே. கால் போனப்ப எப்படி இருந்துச்சு?"

"வலிச்சுது."

"அது சரி. மனசுக்கு?"

"மனசு சக்கரத்துல மாட்டலை."

பவுனம்மாள் சிரிக்கப்போய் இருமினாள். டிரஸர் முகம் சுருங்கியது. காரியம் கெடப்போகிறது என்று பக்கிரிசாமிக்குத் தெரிந்தது. தெரிந்தும் வாய் நிற்கவில்லை.

"இந்தப் பயலைத் தடவித் தடவியே கொன்னுடுவீங்க போல. டேய், போனது கை. வாய் எங்கடா போச்சு? நான் கிழவன், ஒத்தக் காலோட காப்பார் ரோட்டு கேட்டுக்குப் போறேன். நீ இங்கேயே சுருண்டு கெட."

அய்யாவு மெல்லத் தலையைத் தூக்கினான்.

"எந்தக் கேட்டு?"

பவுனம்மாளின் கை அவன் முதுகில் அப்படியே நின்றுவிட்டது.

"காப்பார் ரோட்டு கேட்டு. காதும் போச்சா?"

"நீ எப்படிய்யா அங்க ஓடுவ? மாடு தண்டவாளத்துல நின்னா, நீ நொண்டிக்கிட்டுப் போய் வெரட்டுறதுக்குள்ள ரயிலே வந்துரும்."

"நீ ஒத்தக் கையில சங்கிலியப் புடிப்பியா, கொடியப் புடிப்பியா?"

"கொடியப் பல்லுல கடிச்சுக்குவேன். உனக்கென்ன கிழவா?"

"கடிக்கத் தெம்பு வேணும்டா. கஞ்சியே உள்ள இறங்கலை, பேச்சைப் பாரு!"

அய்யாவு பவுனம்மாளிடம் திரும்பினான். "அக்கா, கஞ்சி இருக்கா?"

பழக்கமில்லாத இடக்கையில் கோப்பையைப் பிடித்து, சட்டையெல்லாம் சிந்திக் குடித்தான். கண் மட்டும் கிழவர் மேலேயே இருந்தது.

"பார்த்தீங்களா, பேசினாத் தேறும்னு சொன்னேனே!" என்றார் டிரஸர், வாயெல்லாம் பல்லாக.

"எங்கய்யா பேசினோம்? சண்டை போட்டோம். அதுக்குப் பேரு வைத்தியமா?"

"எதுவோ ஒண்ணு. ரெண்டு பேரும் தேறிட்டீங்கன்னு தொரைகிட்ட சொல்றேன். கேட்டு யாருக்குன்னு அவரே பார்த்துக்கட்டும். அடுத்த ஞாயிறும் வந்துடுங்க."

"பொணமாக் கெடந்தவன எழுப்பி எனக்கே போட்டியா நிறுத்திட்டீங்க. நல்லா இருக்குய்யா உங்க வைத்தியம்." பக்கிரிசாமி கக்கத்துக் கட்டைகளை இழுத்து ஊன்றி எழுந்தார். "வரமாட்டேன். மனசாம் மனசு!"

பின்னால் அய்யாவு இன்னொரு கோப்பை கேட்பது காதில் விழுந்தது. அதைக் குடித்து முடிப்பதற்குள் ஸ்டேஷனுக்குப் போய்த் துரையைப் பார்த்துவிடவேண்டும். திரும்பிப் பார்க்காமல், சிமெண்டுத் தரை அதிரக் கட்டைகளை ஊன்றி, கிழவர் வாசலைத் தாண்டினார்.