மூச்சு வாங்கும் இடம்

அவள் மூக்குக்கண்ணாடிக் கடைக்குள் வந்தபோது நான் ஒரு லென்ஸின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். சாணைக்கல் சுழலும்போது தலையைத் தூக்கக் கூடாது. ஓரம் சில்லாகப் பெயர்ந்துவிடும். அதனால் முதலில் பார்த்தது அவள் கைகளைத்தான். மேசைக் கண்ணாடியின் மேல் இரண்டு கைகள், நகக்கண்ணில் மஞ்சள் பெயின்ட். மழலையர் பள்ளி டீச்சர் என்று தம்பி சொல்லியிருந்தான்.

"என்னைத் தெரியுதா அக்கா?"

"போஸ்டர்ல பார்த்தேன். மூஞ்சியில வெள்ளை இல்லாம சட்டுனு தெரியல."

சிரித்தாள். என் இடத்துக்கு வந்திருக்கும் பெண். நான் கல்லை நிறுத்தினேன்.

எங்கள் குழுவின் பெயர் பிணவறைப் பூனைகள். வேகமான பங்க் இசை, பேய்க்கதை வரிகள், முகத்தில் வெள்ளைச் சாயம், கண்ணைச் சுற்றிக் கறுப்பு. கிட்டார் என் தம்பி. மருந்துக்கடையில் வேலை செய்கிறான். ஒல்லி என்பதால் ஊருக்கே அவன் எலும்பு. பேஸ் கிட்டார் வாசிப்பவர் தபால்காரர். நிகழ்ச்சிக்கு மறுநாள் காதுக்குப் பின்னால் கறுப்பு போகாமல் வீடு வீடாகக் கடிதம் கொடுப்பார். டிரம்ஸ் என் கணவன். பகலில் லிஃப்ட் பழுது பார்க்கிறான். ஒன்பது வருடம் நான் பாடினேன். கத்தினேன் என்பதுதான் சரி. போன வருடம் டாக்டர் தொண்டைக்குள் கேமராவை விட்டு இரண்டு கட்டிகளைக் காட்டினார். எடுத்தார்கள். பேச வந்தது. கத்த வரவில்லை. இனி முயற்சி செய்யவும் கூடாது என்றார்.

மூன்று வாரமாக ஆல்பம் பதிவாகிறது. நான் ஒலிப்பதிவுக் கூடத்தின் பக்கம் போகவில்லை. கணவன் வீட்டுக்கு வந்ததும் "எப்படிப் போகுது?" என்பேன். "போகுது" என்பான். செருப்பைக் கழற்றிக்கொண்டே சொல்வதால் முகம் தெரியாது. அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேச்சில்லை. அவன் வேலைக்குப் போனதும் சில நாள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு வாயைத் திறந்து பார்ப்பேன். வயிறு அழுந்தும். விலா விரியும். எல்லாம் பழையபடி தயாராகும். காற்று மட்டும் வரும். குழாயை மூடிவிட்டு ஈரமே இல்லாத முகத்தைத் துடைத்துக்கொள்வேன்.

"ஒண்ணு கேட்கணும்," என்றாள் அவள். "நாலாவது பாட்டு. கட்டிலுக்குக் கீழே யாரு, கால்விரலை எண்ணுவது யாரு, எட்டிப் பார்த்தா... அதுக்கப்புறம் எல்லாரும் நிறுத்திடறாங்க. அங்க என்ன வரும்?"

"ஒண்ணும் வராது."

"எலும்பு அண்ணன்கிட்ட கேட்டேன், அக்காவைக் கேளுன்னாரு. தபால்காரர் மேலே பார்க்கறாரு. டிரம்ஸ் அண்ணன் குச்சியைத் தூக்கிட்டு அப்படியே நிக்கறாரு. பதினோரு டேக் போயிடுச்சு."

"நான் மூச்சு வாங்குவேன்," என்றேன்.

அவள் முதலில் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

அது நடந்தது நான்கு வருடங்களுக்கு முன். ஒரு மேடையில் அந்த வரியின் நடுவில் எனக்கு மூச்சு தீர்ந்துவிட்டது. அதற்கு முன் அப்படி ஆனதில்லை. என் தோள் ஏறுவதைப் பின்னாலிருந்து பார்த்த கணவன் அடிக்காமல் குச்சியைப் பிடித்துக்கொண்டான். தம்பியும் கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கிவிட்டான். அத்தனை வேகத்தில் ஓடிய பாட்டு இருட்டில் படி தவறியதுபோல் நின்றது. முன் வரிசையில் ஒருத்தி வீறிட்டாள். என் தோள் இறங்கியது. நானும் கணவனும் ஒரே நொடியில் பாட்டுக்குள் விழுந்தோம். "நான்தான்!" அன்று கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. அதன் பிறகு எல்லா மேடையிலும் அந்த இடத்தை அப்படியே வைத்தோம். பூனைகள் என்றால் அந்த நிசப்தம்தான் என்று எழுதினார்கள். நானும் நம்பினேன். கேமராவில் பார்த்தபோதுதான் அந்த நிசப்தம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தது. டாக்டர் திரையில் அந்தக் கட்டிகளைப் பென்சிலால் தொட்டுக் காட்டினார்.

"என்கிட்ட மூச்சு இருக்கே அக்கா," என்றாள். பெருமையாகச் சொல்லவில்லை. குற்றத்தை ஒப்புக்கொள்கிற குரல். "முப்பது பிள்ளைங்க, நாலு வயசு. காலையிலேர்ந்து கத்தறேன். அங்க நான் நிறுத்தினா நடிக்கிற மாதிரி இருக்கு. நிறுத்தாம அப்படியே இழுத்துட்டுப் போகட்டுமா? டிரம்ஸ் அண்ணன்கிட்ட கேட்டேன். அது அவ இடம், அவளைக் கேளுன்னுட்டாரு."

கடைக்காரர் உள்ளிருந்து எட்டிப் பார்த்தார். நான் லென்ஸை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். ஓரம் சரியாக இருந்தது.

"ஞாயித்துக்கிழமை வரேன்," என்றேன்.

அன்று மாலை கணவன் கெட்டியான கறுப்புக் கிரீஸைக் கையிலிருந்து மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"பதினோரு தடவை நிறுத்தினியாமே."

"பன்னண்டு. எண்ணத் தெரியாதவளையெல்லாம் டீச்சர் ஆக்கிடறாங்க."

"ஏன் சொல்லல?"

"சொல்லி?"

"அவ தோளைப் பார்க்கறியா?"

துணியை மடித்தான். விரித்து மறுபடி மடித்தான். "பழக்கம். ஏறும்னு பார்க்கறேன். ஏறவே மாட்டேங்குது. அவ பாட்டுக்குப் போயிட்டே இருக்கா. எனக்குக் கை வர மாட்டேங்குது."

"காதுல தாளம் எண்ற க்ளிக் வச்சுக்கலாமே."

"வச்சாங்க. டிக் டிக்னு. கழட்டி எறிஞ்சுட்டேன்." பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னான்: "உன் குரல் இல்ல. போட்டோ இல்ல. அந்த இடத்தையும் எடுத்துட்டா இந்த ஆல்பத்துல நீ எங்கடி இருக்க?"

எனக்குப் பதில் இருந்தது. நானும் அதில் இருக்க வேண்டும் என்பதுதான் அந்தப் பதில். அதைச் சொல்லியிருந்தால் பதின்மூன்றாவது தடவையும் நிறுத்தியிருப்பான். சோப்பை எடுத்துக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கூடத்தின் கதவைத் திறந்ததும் தம்பி கையைத் தட்டினான். "வந்துட்டாப்பா ஒரிஜினல் பேய்! மாமா, இனிமே ஒழுங்கா அடிப்பீங்க." தபால்காரர் எழுந்து தன் நாற்காலியைத் தந்தார். ஒலிப்பதிவாளர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், நான்கு மணிக்கு மெத்தை விளம்பரக் குரல் பதிய ஆள் வருவார், அதற்குள் முடிக்க வேண்டும் என்றார். அந்த அறையின் மணம் மாறவில்லை. சூடேறிய ஒயர், பழைய கம்பளம், யாரோ குடித்து வைத்த காபி. மைக் முன் என் உயரத்துக்கு ஒட்டியிருந்த டேப்பின் பசை இன்னும் கம்பியில் இருந்தது. அதற்கு நான்கு விரற்கடை கீழே புது டேப்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். என் பாட்டை என் வாயால் அல்லாமல் கேட்பது அதுதான் முதல் முறை. நல்ல குரல். என்னுடையதைவிட நல்லது என்று கூடச் சொல்லலாம். என்னுடையது கிழிந்தது, இது வெட்டியது. அவள் ஒவ்வொரு சொல்லைத் தொடும்போதும் என் நாக்கு அந்தச் சொல்லின் இடத்துக்குப் போய்த் திரும்பியது. எட்டிப் பார்த்தா... அவள் இழுத்தாள். குரல் தாழாமல், உடையாமல், யாரோ கட்டிலுக்கடியில் கையை நீட்டிக்கொண்டே வருவதுபோல் வந்தது. எனக்கு முதுகு சில்லிட்டது. டிரம்ஸ் நின்றது. அவள் தனியாகக் கொஞ்ச தூரம் போய் நின்றாள்.

"சாரி," என்றான் அவன் ஒலிபெருக்கியில்.

"நான் உள்ள போறேன்," என்றேன்.

"தும்மக் கூடாது," என்றார் ஒலிப்பதிவாளர்.

டிரம்ஸ் அறை சிறியது. அவனுக்கு எதிரே, இரண்டடி தள்ளி நின்றேன். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கையைத் தூக்கிக் காட்டினேன்: நான் எண்ணுகிறேன், நீ நிறுத்தாதே. தலையை ஆட்டினான். பாட்டு தொடங்கியது. அந்த வரி வந்தது. என் கை காற்றில் ஒன்று, இரண்டு என்று இறங்கிக்கொண்டிருந்தது. அவன் குச்சி மேலே நின்றுவிட்டது.

அவன் என் கையைப் பார்க்கவில்லை. தோளைப் பார்த்துக்கொண்டிருந்தான். தோள் ஏறியிருந்தது. எனக்கே தெரியாமல், பாடாத பாட்டுக்கு நான் மூச்சு வாங்கியிருந்தேன்.

"இன்னொரு தடவை," என்றேன். அந்த அறையில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவன் என் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டான்.

இந்த முறை கையைத் தூக்கவில்லை. கால்விரலை எண்ணுவது யாரு என்ற இடத்திலேயே மூச்சை அடக்கிக்கொண்டேன். கை இரண்டும் பக்கவாட்டில் தொங்கின. எட்டிப் பார்த்தா என்று அவள் தொடங்கினாள். அவன் கண் என் தோளில் வந்து நின்றது. விலா விரிய முண்டியது. விடவில்லை. நான்கு வருடமாக அந்த இடத்தில் ஏறிய தோள் அசையாமல் இருந்தது. அவன் முகம் சுருங்கியது. வேண்டாம் என்று தலையை மிக மெல்ல ஆட்டினான். நான் அவனையே பார்த்தேன். அவள் குரல் என் காதுக்குள் நீண்டுகொண்டே போனது.

குச்சி இறங்கியது. அவன் அடித்தான். நான் நின்ற தரை அதிர்ந்தது. பாட்டு அந்த இடத்தைக் கடந்து, கடந்தது என்பதே தெரியாமல், ஓடியது. நான்தான் என்று அவள் கத்தினாள். தம்பியின் கிட்டார் அதன் மேல் ஏறியது. அதற்குப் பிறகு அவன் எங்கும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரி வரை அடித்தான்.

முடிந்ததும் கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவாளர் கையை உயர்த்திப் பிடித்தார். ஓசை முழுக்க அடங்கும்வரை யாரும் அசையக் கூடாது. தம்பி வாயைத் திறந்தபடி நின்றான். அவள் மைக்குக்குப் பின்னால் இரு கைகளையும் மார்போடு சேர்த்திருந்தாள். பெரிய சிம்பல் தட்டு மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அதன் விளிம்பில் விளக்கு வெளிச்சம் ஏறி இறங்கியது. என் கணவனின் கை அதற்குப் பக்கத்தில் வந்து நின்றது. பிடித்தால் ஓசை நின்றுவிடும். விரல்களை விரித்து, தொடாமல், அப்படியே வைத்திருந்தான்.