கடைசி பெஞ்சுப் பெண்ணின் வலி

கர்ப்பப்பையை எடுத்துப் பல வருடங்கள் ஆன நர்ஸம்மாவுக்கு, வெளிநாட்டிலிருந்து திரும்பிய மாதம் முதல் மாதவிடாய் வலி வரத் தொடங்கியது. ரத்தம் இல்லை, வலி மட்டும். வலது அடிவயிற்றில் பிடித்து, முதுகுக்கு ஏறி, தொடை வழியாக இறங்கும். அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே ஸ்கேன் எடுத்தார்கள். இல்லாத உறுப்பு எப்படி வலிக்கும் என்று டாக்டர் சிரித்தார். "வெளிநாடு போனவங்க சாக்லேட் வாங்கிட்டு வருவாங்க. நீ வயித்துவலிய வாங்கிட்டு வந்திருக்கே," என்றார் கணவர். விளையாட்டுக்குச் சொன்னதுதான். அவளுக்கு முகம் செத்துவிட்டது. அது யாருடைய வலி என்று அவளுக்குத் தெரியும்.

நீண்ட லீவு போட்டு, அந்த நாட்டில் ஒரு பெண்கள் பள்ளிக்கு உடல்நலப் பாடம் எடுக்கப் போயிருந்தாள். எந்தப் பிள்ளையையும் பயமுறுத்தக் கூடாது என்பதுதான் போனவர்களுக்குச் சொல்லப்பட்ட முதல் விதி. விதி என்றால் நர்ஸம்மாவுக்கு உயிர். ஆகவே வெள்ளைப்படுதலோ, முகப்பருவோ, தலைசுற்றலோ, எதைக் கேட்டாலும் "சகஜம்தான்" என்று சிரித்தாள். வகுப்பே அவளோடு சேர்ந்து ராகம் போட்டுச் சொல்லும். விடைபெறும் நாளில் கடைசி பெஞ்சுப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து, "எனக்கு மட்டும் ஏன் மிஸ் எழுந்து நிக்கவே முடியல?" என்று கேட்டாள். வெளியே போட்டோவுக்கு எல்லோரும் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். "எல்லாருக்கும் இப்படித்தாம்மா. வெந்நீர் ஒத்தடம் குடு," என்று கன்னத்தைத் தட்டிவிட்டு ஓடினாள். அந்தப் போட்டோவில் நர்ஸம்மாதான் நடுவில் இருக்கிறாள்.

வெட்கத்திலேயே சில மாதங்கள் போயின. ஒரு மாதம் வலி தாங்காமல் பாத்ரூம் தரையில் கிடந்தவள், எழுந்ததும் பள்ளிக்குப் போன் போட்டாள். "அவளா? இப்ப ஜம்முனு ஓடி விளையாடறா. எல்லாம் நீங்க சொல்லிக்குடுத்ததுதான்," என்றார் தலைமையாசிரியை. நர்ஸம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. வலிதான் இங்கே வந்திருக்கிறது, வலிக்குக் காரணமானது அங்கேயே இருந்து வளர்கிறது. உண்மையைச் சொன்னாள். தலைமையாசிரியை அதைச் சந்தேகிக்கவில்லை, ஆனால் வலியில்லாத பெண்ணை எந்த டாக்டரிடம் காட்டுவது என்று கேட்டுவிட்டு, போனைப் பெண்ணிடமே கொடுத்தார்.

"உங்ககிட்டதான் இருக்கா? எங்க போச்சுன்னு பாத்துட்டிருந்தேன்," என்றாள் அவள். உடனே டாக்டரிடம் போகச் சொன்னாள் நர்ஸம்மா. "வலிச்சப்பவே நீங்க நம்பல மிஸ். இப்ப வலிக்காதப்ப யாரு நம்புவாங்க?"

குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நர்ஸம்மாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த வலி வருவதற்குள் விமானம் ஏறினாள். அந்த ஊர் ஆஸ்பத்திரியில் இருவரையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். டாக்டரம்மா பெண்ணின் வயிற்றை அழுத்த, நர்ஸம்மா அலறினாள். விரலைக் கொஞ்சம் நகர்த்தி அழுத்த, இன்னும் பலமாக அலறினாள். டாக்டரம்மா அந்த இடத்தைப் பேனாவால் குறித்துக்கொண்டு ஸ்கேனுக்கு அனுப்பினார். சினைப்பையில் எலுமிச்சை அளவுக்குக் கட்டி. முறுக்கிக்கொள்ள ஆரம்பித்திருந்தது. இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்றார் டாக்டரம்மா. பெண்ணிடமல்ல, நர்ஸம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

மயக்க மருந்து யாருக்குக் கொடுப்பது என்று சின்ன வாக்குவாதம் நடந்து, இருவருக்கும் கொடுத்தார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதன்பின் வார்டில் ஒருவருக்குக் கட்டு மாற்றினார்கள், மற்றவருக்கு வலி மாத்திரை கொடுத்தார்கள். இதில் யாருக்கும் குழப்பம் வரவில்லை.

ஒரு மதியம் மாத்திரையின் வேகம் குறைந்துவிட்டது. தனக்கு இது வேண்டியதுதான் என்று நினைத்த நர்ஸம்மா, யாரையும் கூப்பிடாமல் போர்வையைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"வலிக்குதா மிஸ்?"

"இல்லம்மா."

பெண் அதை நம்பவில்லை. தையல் போட்ட வயிற்றோடு நடந்துபோய், டியூட்டி நர்ஸைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.