நாற்பது மீட்டர்

அப்பாவின் மேசை இழுப்பறையைத் திறந்து நந்தனா வரைபடத்தை எடுத்தாள். முற்றத்தில் பந்தலுக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் பெஞ்சில் கிடத்தியிருந்த அப்பா பகவதியப்பனைச் சுற்றிப் பெண்கள் அழுதார்கள். விடியற்காலையில் மாரடைப்பு, ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே முடிந்துவிட்டது.

“எளவு வீட்ட விட்டு எங்கட்டி போற?” அத்தை வாசலில் மறித்தாள்.

“ரயில்வே இன்ஜினியர் வாறாரு அத்தே. இன்னைக்கு அளந்து கையெழுத்துப் போடலேன்னா மானியம் போயிரும். அப்பாவ எடுக்கதுக்கு முன்ன வந்திருவேன்.”

பதினொரு தென்னைநார் ஆலைக்காரர்கள் சேர்ந்து கேட்ட மானியம் அது. ஸ்டேஷன் பக்கத்தில் சரக்கு ஏற்றும் மேடையும் தனித் தண்டவாளமும் போட அரசு பாதிச் செலவைத் தரும். லாரி வாடகை கட்டுப்படியாகாமல் ஏற்கெனவே நான்கு ஆலைகள் மூடிக் கிடந்தன. சங்கச் செயலாளர் பகவதியப்பன் மூன்று வருஷம் இதற்காக அலைந்தார். மனுவும் படமும் தயாரித்தது துணைச் செயலாளரான நந்தனா.

ஸ்டேஷனில் இன்ஜினியர் ராஜகுமார் துக்கம் விசாரித்துவிட்டு டேப்பை விரித்தார். அளந்து முடித்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

“நீளம் நாப்பது மீட்டர் குறையுதும்மா. இதுல சரக்கு ரயில் நிக்காது. பக்கத்துத் தோப்பு யாருக்கது?”

“எங்கம்மாவுக்க தோப்பு.”

அப்பா பலமுறை கேட்டும், தன் அப்பன் தந்த மண்ணை விடமாட்டேன் என்று அம்மா மறுத்த தோப்பு. கூடி நின்ற ஆலைக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். நந்தனா அம்மாவைப் போனில் கூப்பிட்டாள்.

“அம்மா, மேடைக்குத் தோப்புல நாப்பது மீட்டர் வேணும். இப்பமே சொல்லணும். கேக்கக்கூடாத நேரந்தான். வேண்டாம்னா சொல்லு, திரும்பி வந்திருவேன்.”

போனில் அழுகைச் சத்தத்தைத் தாண்டி அம்மாவின் குரல் வந்தது.

“ஒங்கப்பா கேட்டப்பம் குடுக்கல மக்களே,” என்றாள் அம்மா. “குடுத்திரு. நான் எப்ப வந்து பத்திரத்துல ஒப்பு போடணும்னு கேளு.”

நந்தனா வரைபடத்தில் கோட்டை நீட்டி வரைந்தாள்.

“அடுத்த வாரம் பத்திரம் வந்திரும் சார். எழுதுங்க.”

ராஜகுமார் பரிந்துரை எழுதிக் கையெழுத்திட்டார்.

வீட்டில் நந்தனா அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“மானியம் கிடைச்சிருமா?” என்று அம்மா கேட்டாள்.

“கிடைச்சிரும்மா.”

“எங்கப்பா வச்ச அந்தப் பலாவ வெட்டணுமா?”

“வெட்டணும்.”

அம்மா, அப்பாவின் மார்பிலிருந்து விலகியிருந்த நேரியல் துண்டை இழுத்துச் சரிசெய்தாள்.